ஒரே கரையில் இரண்டு கடைத்தெருக்கள்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்களில் பல, நீர்கொழும்பு, சிலாபம் என்று கடற்கரையோரமாக வந்து, புத்தளத்தில்தான் அனுராதபுரப் பக்கம் திரும்புகின்றன. வழியில் ஏதாவது ஒரு ஹோட்டல் வாசலில் நிறுத்துவார்கள். ஒரு பிளேன்டீ, ஒரு றோல்ஸ், முகம் கழுவ ஒரு குழாய். பிறகு பஸ் மறுபடி இருட்டுக்குள் போய்விடும். பயணி பார்ப்பது வெளிச்சம் போட்ட புதுக் கடைகளை. ஊர்க்காரருக்கு நினைவில் வருவதோ அந்த இடங்களில் முன்னர் இருந்த கடைகள்.

புத்தளத்திலோ பாலாவியிலோ கல்பிட்டியிலோ அறுபதைத் தாண்டியவர்கள் இருவர் ஒரு வாங்கில் உட்கார்ந்தால், இல்லாமல் போன கடைகளைப் பற்றிய பேச்சு தானாக வந்துவிடும். ஆனால் இருவரும் ஒரே ஊரைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஒருவர் சொல்வது 1990க்கு முந்திய புத்தளத்தை. மற்றவர் சொல்வது 1990க்கு முந்திய யாழ்ப்பாணச் சோனகத் தெருவை, அல்லது மன்னார் எருக்கலம்பிட்டியை. அந்த ஆண்டின் ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டது இருவருடைய கடைத்தெருவையும் மாற்றிவிட்டது.

வந்தவர்கள் இழந்தது மிகப் பெரியது. இருந்தவர்கள் இழந்ததை அதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் இரண்டு பேர் சொல்வதையும் சேர்த்துக் கேட்டால்தான் இந்தக் கரையின் கடந்த அரை நூற்றாண்டு விளங்கும்.

உப்பு வளர்த்த சந்தை

இந்தக் கரையின் வியாபாரத்தைப் பற்றிய பழைய வர்ணனைகளில் ஒன்று 1344இல் வந்த இப்னு பதூதாவுடையது. அவர் ‘பத்தாலா’ என்று குறித்த சிறு பட்டணத்தைப் புத்தளம் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்தன என்கிறார். மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்த வணிகர்கள் அவற்றை விலை கொடுக்காமலே எடுத்துச் சென்றார்களாம். பதிலுக்கு அரசனுக்குத் துணிகளை அன்பளிப்பாகக் கொடுத்தார்களாம். அந்த அரசன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி வம்சத்தவன். இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தொடர்பு அவ்வளவு பழையது.

புத்தளத்துச் சந்தையை வளர்த்தது உப்பு. மழையில்லாத மாதங்களில் புத்தளம் களப்பின் தண்ணீர் கடல் தண்ணீரைவிடக் கரிப்பாகிவிடும். பாத்தி கட்டி அதைத் தேக்கி வெயிலில் விட்டால் உப்பு விளையும். கடலில்லாத கண்டி இராச்சியத்துக்கு உப்பும் கருவாடும் இங்கிருந்து போயின. மாடுகளின் முதுகில் பொதியேற்றி, தவளம் தவளமாகப் போய், திரும்பும்போது பாக்கு முதலிய மலைநாட்டுச் சரக்குகள் வந்தன. இந்தப் போக்குவரத்தைத் தங்கள் பிடிக்குள் வைத்திருக்கத்தான் ஒல்லாந்தர் கல்பிட்டியில் காலூன்றினார்கள். 1667இல் தொடங்கி 1676இல் அவர்கள் முடித்த கோட்டை இன்றும் நிற்கிறது. ஆங்கிலேயர் வந்தபின் உப்பு அரசின் ஏகபோகமானது.

கல்பிட்டி அந்தக் காலத்தில் புத்தளத்துக்குக் குறைந்த ஊரல்ல. 1834இல் ‘சிலோன் கெசட்டியர்’ என்ற நூலையும் 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைச் சொல்லும் ‘தமிழ் புளூட்டார்க்’ நூலையும் தந்த சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்தது கல்பிட்டியில்தான். கப்பலும் தோணியும் வந்துகொண்டிருந்தவரை அந்த ஊர் செழித்தது. 1802க்கும் 1804க்கும் இடையில் வெட்டப்பட்ட ஹமில்டன் கால்வாய் கொழும்பையும் புத்தளத்தையும் இணைத்த நீர்வழியின் ஒரு பகுதியானது. பாரப் படகுகள் கொப்பராவும் உப்பும் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போயின. அவை தங்கிய துறைகளில் சாப்பாட்டுக் கடையும் சுருட்டுக் கடையும் கள்ளுத் தவறணையும் முளைத்தன. பிறகு ரயில் வந்தது. 1916இல் சிலாபத்துக்கும் 1926இல் புத்தளத்துக்கும் பாதை எட்டியது. படகுத் துறைகள் ஓய்ந்தன. ஸ்டேஷன் வீதிகளில் கூட்டம் சேர்ந்தது. ரயில் எட்டாத கல்பிட்டி, பாலாவியிலிருந்து நீளும் ஒற்றை வீதியின் கடைசியில் ஒதுங்கிப்போனது.

ஆகவே ‘பழைய புத்தளம்’ என்று மூத்தவர்கள் சொல்வது நேற்றும் இன்றும் ஒரே மாதிரி இருந்த ஊரையல்ல. பாதை மாறியபோதெல்லாம் அதன் கடைகளும் மாறியிருக்கின்றன. ஆனால் படகும் ரயிலும் கடைகளை ஒரு வீதியிலிருந்து இன்னொரு வீதிக்குத்தான் கொண்டுபோயின. 1990இல் நடந்தது அப்படியல்ல.

தட்டில் வைத்த பணிஸ்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தக் கரையோரத்துத் தேத்தண்ணிக் கடையை இப்படிக் காணலாம். கிடுகுக் கூரை, பலகைத் தட்டி, முன்னால் ஒரு நீள வாங்கு. உத்தரத்திலிருந்து ஒரு வாழைக்குலை தொங்கும். வந்தவர் தானே ஒன்றைப் பிய்த்துத் தின்னலாம். உட்கார்ந்ததும் ஒரு தட்டில் பணிஸ், வடை, றோல்ஸ் என்று கலந்து வைத்துவிட்டுக் கடைக்காரர் போய்விடுவார். எது வேண்டுமோ அதை எடுப்பது, மிச்சத்தைத் தொடாமல் விடுவது. எழும்பும்போது தின்றதை வாயால் சொன்னால் அதற்குத்தான் காசு. யாரும் பக்கத்தில் நின்று எண்ணமாட்டார்கள். இந்தப் பழக்கம் இலங்கை முழுவதும் இருந்தது, சில ஹோட்டல்களில் இன்னும் இருக்கிறது. அந்தத் தட்டில்தான் ஒரு ஊர் தன் ஆட்களை எவ்வளவு நம்பியது என்பது தெரியும்.

அதிகாலையில் வலை இழுத்து வந்தவர்கள், உப்பளத்துக்குப் போகிறவர்கள், கொப்பரா உலர்த்தும் கொட்டில்களில் புகை மணத்தோடு வருகிறவர்கள், சுபஹுத் தொழுகை முடித்து வருகிறவர்கள் எல்லோரும் அந்த வாங்கில்தான் உட்கார்ந்தார்கள். “நானா, ஒரு பிளேன்டீ” என்ற குரலுக்குச் சாயம் கறுத்து இறங்கும். சீனி தட்டுப்பாடான காலத்தில் ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் சாயத்தைக் குடித்தார்கள்.

தட்டுப்பாடு அந்தத் தலைமுறையின் நினைவில் தனி அத்தியாயம். இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அரிசி வரத்து நின்றது. பங்கீட்டைக் கொடுக்க ஊர் ஊராகக் கூட்டுறவுக் கடைகள் திறந்தன. ‘சங்கக் கடை’, ‘கூப்பன் கடை’ என்றெல்லாம் மக்கள் வாயில் நிலைத்தவை அவைதான். 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலில் நாடே நின்றது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிகள் வெட்டப்பட்டபோது பாணுக்கு விடியுமுன்னே வரிசை. வாரத்தில் இரண்டு நாள் ஹோட்டல்களில் சோறு பரிமாறக் கூடாது என்ற கட்டுப்பாடும் அப்போது இருந்தது. அந்த வரிசைகளில் நின்றவர்கள் இன்று அவற்றைக் கசப்போடு மட்டும் சொல்வதில்லை. வரிசைதான் பல பேருக்குச் சந்திப்பு இடம். யார் வீட்டில் கலியாணம், யார் வெளியூரிலிருந்து வந்திருக்கிறார், எந்தத் துறையில் மீன் பட்டது என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. 1979இல் உணவு முத்திரை வந்ததும் பழைய கூப்பன் புத்தகம் போனது. திறந்த பொருளாதாரத்தில் சங்கக் கடையின் மவுசும் போனது.

கடைக்குக் கடை வானொலி ஒன்று இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை தமிழ்நாடுவரை கேட்ட காலம் அது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல் வந்தால் பேச்சு நிற்கும். ரமழானில் முஸ்லிம் நிகழ்ச்சிக்காகவும் நோன்பு திறக்கும் நேரத்துக்காகவும் வானொலியைச் சுற்றிப் பிள்ளைகள் கூடுவார்கள். 1982இல் ரூபவாஹினி தொடங்கியபின் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைக்காட்சி இருந்த வீடுகளுக்கு மாறியது. வீடியோ கசற் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் வந்தன. அவையும் இன்று பழங்கதை.

தெற்கிலும் மேற்கிலும் பட்டணங்கள்தோறும் யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக் கடைகள் ஒரு காலத்தில் சாதாரணம். 1958இலும் 1983இலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டபின் அவர்களில் பலர் கடையை மூடிக்கொண்டு வடக்கே திரும்பினார்கள். ஏழே ஆண்டுகளில் வடக்கிலிருந்து வேறொரு மக்கள் கூட்டம் கடைகளை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து இறங்கியது.

சில வாரம் மட்டும் நிற்கும் தெரு

இந்தக் கரையில் நிரந்தரக் கடைகளுக்கு நிகராக நினைவில் நிற்பவை திருவிழாக் கடைகள். சிலாபத்துக்கு அருகே முன்னேஸ்வரத்தில் ஆவணித் திருவிழா ஏறத்தாழ நான்கு வாரம் நடக்கும். தமிழரும் சிங்களவரும் ஒன்றாகக் கூடுவார்கள். கல்பிட்டிக் குடாநாட்டின் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தில் மார்ச்சிலும் ஓகஸ்டிலும் பெருவிழா. குடும்பம் குடும்பமாக வந்து மரநிழலிலும் கூடாரத்திலும் நாள்கணக்கில் தங்குவார்கள். உடப்பில் திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்பைப் பார்க்க ஊர் கொள்ளாத கூட்டம் வரும்.

இந்த விழாக்களோடு ஒரு கடைத்தெருவே முளைக்கும். கண்ணாடி வளையல், பலூன், தொதல், மஸ்கற், வறுத்த கடலை, மண் சட்டி, பாய். விழா முடிந்த மறுநாள் மணலில் கம்பு நட்ட குழிகள் மட்டும் மிஞ்சும். வருடா வருடம் அதே வியாபாரி அதே இடத்தில் கம்பு நடுவதால் பிள்ளைகளுக்கு அதுவும் நிரந்தரக் கடைதான். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வருவோரின் வழி அடைபட்டது. அந்த ஆண்டுகளில் கூட்டத்தில் ஒரு பகுதி குறைந்தே கிடந்தது.

ஐந்து சந்தி

இனி மற்றவரின் ஊர். யாழ்ப்பாண நகரின் மேற்கே, நாவாந்துறையை ஒட்டி, சோனகத் தெரு. பள்ளிவாசல்கள், ஒஸ்மானியாக் கல்லூரி, கதீஜா மகா வித்தியாலயம், ஜின்னா மைதானம், வீதிகள் வந்து கூடும் ஐந்து சந்தி என்று ஒரு முழு உலகம் நடந்தே சுற்றக்கூடிய தூரத்துக்குள் இருந்தது. இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமும் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் புகழ்பெற்ற அதிபருமான ஏ. எம். ஏ. அஸீஸ் 1911இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்தவர். இந்தச் சமூகம் தந்த பிள்ளை.

தையல், இரும்புச் சாமான், இறைச்சி, லொறிப் போக்குவரத்து: யாழ்ப்பாண முஸ்லிம்கள் கைதேர்ந்த தொழில்கள் இவை. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் சட்டை தைக்கக் கொடுத்த தமிழர் வீட்டுப் பிள்ளைகள் தையல்காரர் வாசலில் காத்து நின்றார்கள். பூட்டு, ஆணி, கதவுப் பிணைச்சல் வாங்க வேண்டுமானால் முஸ்லிம் கடைக்குத்தான் போவார்கள். “காக்கா, நாளைக்குள்ள முடிச்சுத் தாங்கோ” என்று கெஞ்சுவதும், “பெருநாள் வேலை கிடக்கு, இருந்தாலும் பாப்பம்” என்று அவர் சொல்வதும் இரண்டு சமூகத்துக்கும் பழகிப்போன பேச்சு.

மாலையில் அந்தத் தெருவின் இளைஞர்கள் யாழ்ப்பாணப் பெரியகடைப் பக்கம் நடந்து போவார்கள். சுபாஸ் கபே, மலாயன் கபே, பூபாலசிங்கம் புத்தகசாலை. படம் பார்க்க வின்சர், ரீகல், ராணி, மனோகரா என்று திரையரங்குகள். எம்ஜிஆர் படமா சிவாஜி படமா என்ற சண்டையில் யாரும் மதம் பார்க்கவில்லை. 1981இல் நூலகம் எரிக்கப்பட்ட நாட்களில் கடைத்தெருவும் எரிந்தது. 1990 ஜூனில் போர் மறுபடி வெடித்துக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த மாதங்களில் நகர மையமே வெறிச்சோடியது. ஆனாலும் ஐந்து சந்தியில் கடைகள் திறந்துகொண்டுதான் இருந்தன.

அந்த ஒக்டோபர்

1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கி, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என்று மாத இறுதிக்குள் வட மாகாணம் முழுவதிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மொத்தம் ஏறத்தாழ 75,000 பேர். சோனகத் தெருவின் முறை ஒக்டோபர் 30ஆம் திகதி வந்தது. ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டு மக்கள் ஜின்னா மைதானத்தில் கூடினார்கள். கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகை, காசு, வீட்டுச் சாமான் எல்லாம் விட்டுவிட வேண்டும். கையில் மிஞ்சியது மிகச் சொற்பம்.

அன்று காலையில் திறந்த கடைகள் அன்று மாலை திறந்தபடியே கிடந்தன. வெட்டிவைத்த துணி மேசையில். பாதி தைத்த சட்டை மெஷினில். கடன் கொப்பியில் அயல்வீட்டாரின் பெயர்கள்.

யாழ்ப்பாணத்தார் வவுனியா வழியாகத் தெற்கே வந்தார்கள். மன்னார்த் தீவு மக்கள் கடற்கரைகளில் காத்திருந்து மீன்பிடி வள்ளங்களில் ஏறிக் கல்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். கடல் கொந்தளிக்கும் பருவம். வழியில் உயிரிழந்தவர்களும் உண்டு. புத்தளம், கல்பிட்டி முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு சோறு சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு சிறு பட்டணம் தன் மக்கள்தொகைக்கு நிகரான கூட்டத்தைச் சில நாட்களில் தாங்கிக்கொண்ட அந்தக் கதை இலங்கை வரலாற்றில் இன்னும் போதிய மதிப்போடு எழுதப்படவில்லை.

கொட்டிலில் பிறந்த கடை

தில்லையடி, பாலாவி, ஆலங்குடா, நுரைச்சோலை, நாகவில்லு என்று தென்னந்தோப்புகளுக்குள் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. சில வாரம் என்று நினைத்தார்கள். ஆண்டுகள் ஆயின.

முதலில் திறந்தவை பெட்டிக்கடைகள். கொட்டிலின் முன்பக்கத் தட்டியைத் தூக்கிக் கம்பால் முட்டுக்கொடுத்தால் கடை. வெற்றிலை, பாக்கு, பீடி, சின்னப் பொட்டலத்தில் தேயிலை, அரைப் போத்தல் மண்ணெண்ணெய், பாதித் தேங்காய். முழுத் தேங்காய் வாங்கக் காசில்லாதவர்களுக்காகத்தான் அந்தப் பாதி. யாழ்ப்பாணத்தில் இரும்புக் கடை வைத்திருந்தவர் இங்கே மண்ணெண்ணெய் அளந்தார். தையல் மெஷின் அங்கேயே நின்றுவிட்டது, தொழில் மட்டும் கையோடு வந்தது. இரவல் மெஷினில் மறுபடி தொடங்கினார்கள். மற்றவர்கள் கல்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளத்திலும் நாட்கூலிக்குப் போனார்கள்.

அந்தப் பெட்டிக்கடை வாசல்தான் முகாமின் கூடுமிடம். ஊர்ச்செய்தி அங்கேதான் வந்து சேரும். யார் எந்த முகாமில், யாருடைய வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்றெல்லாம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்க, பெரியவர்கள் சோனகத் தெருவை மறுபடி கட்டினார்கள்: சந்தியிலிருந்து வலப்பக்கம் முதலாவது யாருடைய கடை, அடுத்தது யாருடையது, எந்தக் கடையில் தேத்தண்ணி நன்றாக இருக்கும். பார்க்காத தெருவின் கடை வரிசையைப் பாடமாக்கிய பிள்ளைகள் இங்கே வளர்ந்தார்கள்.

மானிடவியலாளர் ஷாரிகா திராணகம 2011இல் வெளியிட்ட தன் நூலில் புத்தளத்து வடபுல முஸ்லிம்களிடையே செய்த களஆய்வை வைத்து இதையே விரிவாகப் பேசுகிறார்: மூத்தவருக்கு ஊர் என்பது யாழ்ப்பாணம், முகாமில் பிறந்தவருக்கு அது கேட்டறிந்த ஊர், தான் விளையாடிய ஊரோ புத்தளம். எருக்கலம்பிட்டியில் பிறந்த புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், 2018இல் காலமாகும்வரை, தன் மக்கள் விட்டுவந்த வீடும் காணியும் தொழிலும் எவ்வளவு என்பதை ஆவணப்படுத்துவதைத் தன் கடமையாகவே செய்தார்.

உள்ளூர்க்காரருக்கும் சிரமம் வந்தது. கூலி குறைந்தது, காணி விலை ஏறியது, கிணற்றுத் தண்ணீரும் பாடசாலை வாங்கும் போதாமல் போயின. விருந்தாளியாக வந்தவர் அயலவராகவும் போட்டியாளராகவும் ஆனார். இந்த மனத்தாங்கலை இரு தரப்பும் மறைத்ததில்லை. கத்ரீன் புருன் என்ற நோர்வே ஆய்வாளரும் புத்தளத்தில் இதை நெருங்கி ஆராய்ந்து 2008இல் நூலாக வெளியிட்டார். புத்தளத்தார் “முந்தி நம்மட டவுன்ல எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும்” என்று சொல்லும்போது அதில் வெறுப்பைத் தேட வேண்டியதில்லை. எண்ணாமல் தட்டில் பணிஸ் வைத்த ஊரைத்தான் அவர்கள் நினைக்கிறார்கள். அதே சமயம், வந்தவர்களின் உழைப்பும் வியாபாரத் திறமையும் சேர்ந்துதான் புத்தளத்துக் கடைவீதி இன்றைய அளவுக்கு வளர்ந்தது என்பதும் அவர்கள் ஒப்புக்கொள்கிற உண்மை.

திரும்பிப் போனவர்கள்

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தது. அந்த ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம், வெளியேற்றம் ஓர் அரசியல் தவறு என்றார். பலர் ஊரைப் பார்க்கப் போனார்கள். கூரையில்லாத வீடுகள், அறைக்குள் முளைத்த மரங்கள், கதவும் யன்னலும் கழற்றப்பட்ட சுவர்கள். கடை இருந்த இடத்தை அயல் பள்ளிவாசலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

2009இல் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். ஐந்து சந்தியில் மறுபடி கடைகள் வந்தன. ஆனால் பழைய நெருக்கம் வரவில்லை. பிள்ளைகளின் படிப்பும் வேலையும் புத்தளத்தில் வேரூன்றிவிட்டதால், ஆண்கள் யாழ்ப்பாணத்தில் வியாபாரமும் குடும்பம் புத்தளத்திலும் என்று இரண்டு ஊருக்கும் நடுவே வாழ்கிற குடும்பங்கள் பல. அந்த இரவு பஸ்களில் ஏறி இறங்குகிறவர்களில் அவர்களும் உண்டு.

2007இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தில் கிடுகுக் கொட்டில்கள் கல்வீடுகளாயின. நல்ல காரியம், நீண்ட காலம் காத்திருந்து பெற்ற காரியம். அதோடு தட்டியைத் தூக்கி வைக்கும் பெட்டிக்கடைகளும் போயின. இப்போது முப்பது வயதானவர்களுக்கு நினைவில் இனிப்பது அந்தப் பெட்டிக்கடைதான். பெற்றோர் துயரத்தின் அடையாளமாகப் பார்த்ததைப் பிள்ளைகள் பால்யத்தின் இடமாகப் பார்க்கிறார்கள்.

கல்பிட்டியிலும் கரை மாறிவிட்டது. நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையம் இன்று 900 மெகாவாட் திறன் கொண்டது. டொல்பின் பார்க்கவும் காற்றில் பட்டம் பிடித்து அலையில் சறுக்கவும் வெளிநாட்டார் வருகிறார்கள். அவர்களுக்கான விடுதிகளும் கபேக்களும் கடற்கரையில் வரிசையாக எழுகின்றன. மீனவரின் வாடிகள் இருந்த இடங்கள் சுருங்குகின்றன.

யார் குறித்துவைப்பது?

கல்பிட்டிக் கோட்டைக்கும் தலவில ஆலயத்துக்கும் முன்னேஸ்வரத்துக்கும் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. வெளியேற்றத்தைப் பற்றிப் பிரஜைகள் ஆணைக்குழு ஒன்று சாட்சியங்களைத் திரட்டி 2011இல் அறிக்கை வெளியிட்டது. 2005இலிருந்து இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ்பேசும் மக்களின் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்துவைத்திருக்கிறது. கடைகளுக்கு மட்டும் அப்படி ஒரு பதிவு இல்லை. யாழ்ப்பாணத்துத் தையல்கடையும் புத்தளத்துத் தேத்தண்ணிக் கடையும் எந்த மரபுரிமைப் பட்டியலிலும் வராது. அவற்றை நடத்தியவர்கள் நூல் எழுதும் ஆட்களும் அல்லர்.

அவர்களிடம் இருப்பது பெயர்ப்பலகைக்கு முன் நின்று எடுத்த ஒரு மங்கிய படம், ஒரு கடன் கொப்பி, ஒரு ரசீதுக் கட்டு, பெரும்பாலும் தலைக்குள் இருக்கும் கடை வரிசை மட்டுமே. 1990இல் முப்பது வயதில் கடை நடத்தியவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அவருக்கு முந்திய தலைமுறையில் மிஞ்சியிருப்பவர் சிலரே.

புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் இறுதியில் வெளியேற்ற நினைவுக் கூட்டங்கள் நடக்கின்றன. உரைகள் நடக்கட்டும். மண்டபத்தின் ஓர் ஓரத்தில் இரண்டு மேசை போட்டு இரண்டு பெரிய தாள்களை விரித்துவைக்கலாம்: ஒன்றில் ஐந்து சந்தியும் அதிலிருந்து பிரியும் வீதிகளும் கோடாக, மற்றதில் 1990க்கு முந்திய புத்தளம் டவுன் கோடாக. பக்கத்தில் பென்சில்களோடு ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகள் நான்கு பேர் நின்றால் போதும். வருகிற பெரியவர் ஒவ்வொருவரிடமும் உங்கள் கடை எந்தப் பக்கம், இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார், என்ன விற்றீர்கள், யார் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்டு, சொல்லச் சொல்லக் குறிக்கலாம். உள்ளூர்ப் பெரியவரும் வடக்கிலிருந்து வந்தவரும் ஒருவர் தாளை மற்றவர் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டையும் படம்பிடித்து நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, பிரதிகளை இரண்டு ஊர்ப் பாடசாலைகளிலும் தொங்கவிடலாம். அடுத்த ஒக்டோபருக்குள் செய்துமுடிக்கக்கூடிய வேலைதான்.